நண்ணி

“உன்னைத்தான் தோள்ல தூக்கிட்டு சுத்துவாரு அப்பா. நான் என்ன, தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா?” என்று தங்கை கத்துகிறாள். “கத்து, தெருவே கேக்கட்டும்,” என்கிறான் பஸ் ஓட்டும் அண்ணன். தெருவுக்கென்ன, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத்தான் செய்கிறது. வீட்டை விற்கப் போகிறார்கள். பாத்திரங்கள் தரையில் இரண்டு கும்பலாகக் கிடக்கின்றன. நடுவே அம்மா, சாய்வெயிலில் மின்னும் கரண்டி ஒன்றை முந்தானையால் துடைத்துக்கொண்டேயிருக்கிறாள். காய்ச்சலில் போன கடைக்குட்டியைப் பற்றி இங்கே யாரும் வாய் திறந்து பல வருஷமாகிறது. இவர்கள் அவளை மறந்தே போனார்கள், இனி அவள் தவழ்ந்த தரையும் போகப்போகிறது என்பதுதான் அம்மாவின் வயிற்றெரிச்சல். கத்திக் கத்தித் தொண்டை வறண்ட அண்ணன், “கொஞ்சம் நண்ணி குடும்மா,” என்கிறான். தண்ணி என்று சொல்ல வராத கடைக்குட்டியின் சொல் அது. சொன்னவனுக்கே அது உறைக்க ஒரு நொடி ஆகிறது. தங்கை வாயைப் பொத்திக்கொள்கிறாள். “மறக்கலையாடா?” என்கிறாள் அம்மா. நீட்டிய செம்பு தளும்பித் தரையெல்லாம் ஈரமாகிறது, யாரும் துடைக்கவில்லை.

வீடு என்னவோ அந்த மாதமே கைமாறியது. தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டினாள். மாற்றலாகிப் போன அண்ணனோடு அம்மாவும் போய்விட்டாள். புது ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பவர்களிடம் இப்போது மூன்று என்கிறாளாம்.