வெளிச்சத்தைக் கூட்டும் மகள்

கோவில்பட்டி ராமசுப்பு சார் வீட்டுச் சுவரில் எல்.இ.டி. விளக்கு மெல்லப் பிரகாசமானது.

"மக ஆபீஸ் விட்டு வந்துட்டா," என்றார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார்.

"எப்படிச் சொல்லுதிய?"

"இந்த விளக்கு போர்டுக்கு பைத்தான்ல புரோகிராம் எழுதினது நான். சென்னையில இருந்துக்கிட்டே அவ இந்த வீட்டு நெட் வழியா வெளிச்சத்தைக் கூட்டுவா, குறைப்பா. பேச நேரமில்லாட்டியும், அப்பா ஞாபகம் வந்தா விளக்கு சொல்லிரும்லா."

வெளிச்சம் மெல்ல மங்கியது.

"சமைக்கப் போறா," என்று சிரித்தார். "நீங்க என்ன விஷயமா வந்திய, அண்ணாச்சி?"

"சும்மாதான் சார்."

சாக்கடை வாறுகால் தோண்டியவர்கள் எங்கள் தெருவுக்கு வரும் ஒரே நெட் கேபிளைக் காலையிலேயே அறுத்துவிட்டார்கள். தெருவில் யாருக்கும் நெட் இல்லை. அதே தெருவில் இருக்கும் அவர் வீட்டிலாவது வருகிறதா என்று கேட்கத்தான் போயிருந்தேன்.