வெந்நீர்

ஏரிக்கரைச் சந்தையின் நடைபாதையில் ஒமேனா மீன் விற்றாள் என்று முந்தின நாள் பிடித்துக்கொண்டு வரப்பட்ட அக்கேயோவை, காலையில் லாக்கப்பிலிருந்து கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தவள் பெண் போலீஸ் மொரா.

"ராத்திரி இன்ஸ்பெக்டர் பண்ணுனத அப்படியே பெரிய அதிகாரிகிட்ட சொல்லு தங்கச்சி. மத்தியானம் வர்றார். நான் இருக்கேன் சாட்சிக்கு. முதல்ல குளி. பெரியவங்க முன்னால இந்தக் கோலத்துலயா போய் நிப்ப?"

வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அக்கேயோவின் கவுனையும் இடுப்பில் கட்டும் லேசோவையும் தன் கையாலேயே துவைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரி போட்டாள். சூடாக டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசியும் வேறு.

"பெத்தவகூட இப்படிச் செய்யமாட்டாக்கா" என்று அழுதாள் அக்கேயோ.

அதிகாரி வந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"டாக்டர் பரிசோதிக்கணும்மா. நேத்துப் போட்டிருந்த துணி எங்க?"

"இதுதான்யா. குளிச்சிட்டு…" இஸ்திரி மடிப்பு கலையாத கவுனை அவள் குனிந்து பார்த்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "மொரா, நீ என்ன சொல்ற?"

"ராத்திரி நல்லாத் தூங்கினா சார். பாருங்களேன், துணியில ஒரு கசங்கல் இருக்கா?"

அக்கேயோ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஸ்டேஷனின் பின்பக்கக் கொடியில், வேறு யாருடைய லேசோவோ ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது.