குண்டு உரசிய பள்ளம்

'டப்' என்று ஒரு சத்தம். எந்தக் காலத்திலோ கேட்டது. இப்போது நினைத்தாலும் தோல் பை தைக்கிறவர் கையிலிருக்கும் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

அன்று காலை ஒரு பெரியவர் பழைய ராணுவத் தோல் தொப்பி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்து, பச்சைப் பிள்ளையைப் படுக்கவைப்பது போல மேசைமேல் வைத்தார். பின்னாலேயே அவர் மனைவி, குடையும் கையுமாக.

"எங்கப்பா போர்ல போட்டுக்கிட்டது. வெடிப்பை அடைச்சு, விளிம்பைத் தைச்சு, மெருகு போட்டுடுங்க. ஆனா இந்தப் பள்ளத்தை மட்டும் தொடக்கூடாது!"

"ஏன் ஐயா?"

"குண்டு உரசின பள்ளம்யா! தொப்பி இல்லன்னா அப்பா இல்ல. நாளைக்குச் சொந்தபந்தம் மொத்தமும் இதைப் பார்க்கத்தான் வருது."

அம்மாள் கொட்டாவி விட்டாள்.

"பார்த்தீங்களா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!"

பை தைக்கிறவருக்கும் அந்த அம்மாள்மேல் எரிச்சல்தான் வந்தது. மாமனார் உயிரைக் காத்த பொருள். ஒரு மரியாதை வேண்டாமா?

மத்தியானம், விறைத்த தோல் இளகட்டும் என்று நீராவி காட்டினார். கைப்பழக்கம். உள்ளே மரக்கட்டையைக் கொடுத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டார்.

'டப்'.

பள்ளம் போயே போய்விட்டது. தொப்பி பூசணிக்காய் மாதிரி வழவழவென்று நின்றது.

கட்டை விரலால் அழுத்தினார். கரண்டிக் காம்பால் அழுத்தினார். பள்ளம் நேராக இருந்ததா, கோணலாக இருந்ததா, அதுவே மறந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து வாசலில் அந்த அம்மாள்.

"தாடைவாரோட கொக்கி வீட்டிலேயே விழுந்து கிடந்தது தம்பி. இந்தாங்க."

அவர் அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார்.

"துண்டுக்குள்ள என்ன, கோழியா? இப்படி முழிக்கறீங்க?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "பள்ளம் நிமிர்ந்துடுச்சும்மா. ஐயா என் தோலை உரிச்சு அந்தத் தொப்பிக்கே ஒட்டுப் போட்டுடுவாரு."

அம்மாள் துண்டை விலக்கித் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரம் இருக்கு. இஸ்திரிப்பெட்டி வெச்சிருக்கீங்களா? கனமான பழைய பெட்டி?"

"பைக்கு உள்ளே வைக்கிற துணியைத் தேய்க்கிறது இருக்கு. சூடு பண்ணணுமா?"

"வேண்டாம். கனம் போதும்."

தொப்பியை ஒருக்களித்து வைத்து, பெட்டியின் மூக்கை இடது காதுக்கு மேலே பதித்து, தன் கனத்தையும் சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். எடுத்தபோது பள்ளம் இருந்தது. அதே நீளம், அதே கோணல்.

"அம்மா! அச்சு அசல்! எப்படிம்மா?"

"போன தடவையும் நான்தானே வெச்சேன்."

அவர் வாயைப் பிளந்தார்.

"கல்யாணமாகி வந்த புதுசு. நல்ல பேர் வாங்கணும்னு, இதை சோப்புப் போட்டுத் துவைச்சு மொட்டை மாடியில காயவெச்சேன். காத்துல பறக்காம இருக்க மேல இஸ்திரிப்பெட்டி!"

"ஐயோ!"

"மாமியார் பார்த்திருந்தா அன்னைக்கே பெட்டி படுக்கையோட என் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அவங்க படியேறி வர்றாங்க, எனக்குக் கைகால் ஓடல. மாமனார் முந்திக்கிட்டு மாமியார்கிட்ட, 'குண்டு உரசின இடம்டி இது. நீ பயப்படுவேன்னு மெழுகு வெச்சு அடைச்சிருந்தேன், பொண்ணு துடைச்சதுல வெளிய வந்துடுச்சு'ன்னாரு. அதுவரைக்கும் போரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத மனுஷன்."

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை. இப்போ போய்ச் சொல்லணுமா? மாமனாரே உண்மையை என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு."

"என்னன்னு?"

அம்மாள் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தக் குண்டுக் கதையைச் சாகிறவரைக்கும் சொன்னாரு தம்பி. பட்டாளத்துல அவர் பார்த்த வேலை, உருளைக்கிழங்கு உரிக்கிறது."