ஓரகத்தியின் மசக்கை
அல்சூர் தெருக்குழாயடியில் ஈரக் கல்மேல் காலை வெயில் பளபளக்கிறது. மில் சங்கு ஊதி ஓய்கிறது. மூன்று மாத மசக்கைக்காரி மரகதம் குடத்தை இடுப்பில் ஏற்றியதும் கண் இருட்டிச் சாய்கிறாள். ஓரகத்தி தனக்கோடி பாய்ந்து பிடிக்கிறாள். குடம் உருண்டு தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது. மரகதம் சுவரைப் பற்றிக்கொண்டு ஓங்கரிக்கிறாள். வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருத்தி எலுமிச்சம்பழத்துக்கு ஓடுகிறாள், இன்னொருத்தி முதுகைத் தடவுகிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் தனக்கோடியின் முதுகை யாரும் இப்படித் தடவியதில்லை. "இந்த அவஸ்தை எதிரிக்கும் வேணாங்க்கா," என்று மரகதம் அழுகிறாள். 'எனக்கு வேணும்டி' என்ற பேச்சு தனக்கோடியின் தொண்டைவரை வந்து நிற்கிறது. "நீ உக்காரு," என்று மட்டும் சொல்கிறாள். இரண்டு குடங்களையும் நிரப்பி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக மேட்டில் ஏறுகிறாள். சொட்டுத் தண்ணீர் சிந்தாமல், கால் தடுமாறாமல் போகிற தன் நடையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.