மாணவர் நாற்காலி

"பரீட்சையை ரெண்டு வாரம் முன்னாடி வச்சிடுங்க சார். முடிஞ்சதும் லீவு விட்டுடுங்க."

பத்தாம் வகுப்பு சிசிலியா எழுந்து நின்று இதைச் சொன்னதும் பள்ளிக் கமிட்டியில் சிரிப்பு எழுந்தது.

போர்ட் பிளேரில் குடியேறிய தமிழர்கள் சேர்ந்து நடத்திய பள்ளி அது. கமிட்டியில் மாணவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று தலைவர் பாலசுப்பிரமணியம் மற்றவர்களோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு மாணவி உட்கார்ந்த முதல் கூட்டம் இது. குடிதண்ணீர்த் தொட்டி கேட்பார்கள், மழை ஒழுகும் கூரையைச் சொல்வார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

"அரே, நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார் அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் சண்முகம். "பசங்களைப் பேசவிட்டா, ஸ்கூலை பந்த் பண்ணுன்னுதான் சொல்லுங்க."

"லீவுக்கு என்னம்மா அவசரம்?" என்று தலைவர் கேட்டார்.

"ஏப்ரல் ஆரம்பத்துல மெட்ராஸ் கப்பல் கெளம்புது சார். அதை விட்டா அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள பாதி லீவு போயிடும்."

"ஓகோ, மகாராணிக்கு மெயின்லேண்ட் பாக்கணுமோ? பீச்சா, சினிமாவா?"

சிசிலியா அவர் பக்கம் திரும்பாமல் தலைவரையே பார்த்தாள்.

தலைமையாசிரியர் இராமகிருஷ்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. சிசிலியாவைக் கூட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்த அவள் வகுப்பாசிரியையைக் காட்டினார்.

"அன்னம்மாள் டீச்சரைப் பாரு. கைக்குழந்தையை நாகர்கோவில்ல விட்டுட்டு இங்க வந்தவங்க. போன ஏப்ரல்ல இதே கப்பல்ல போக லீவு கேட்டாங்க. பரீட்சை நேரம், தர முடியாதுன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதுக்குப் பேரு பொறுப்பு. நீ என்னடான்னா..."

அன்னம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சார் சொல்றது சரிதான் சிசிலியா. படிக்கிற நாளை விட்டுக்குடுக்காதே. உட்காரு."

"எல்லா வகுப்புலயும் கேட்டுட்டுத்தான் டீச்சர் வந்திருக்கேன். எல்லாரும் இதைத்தான் கேக்கச் சொன்னாங்க." பிறகு தலைவரிடம் திரும்பினாள். "விட்டுப்போற பாடத்தை சனிக்கிழமை வந்து படிச்சுக்கறோம் சார். போதலைன்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சும் வர்றோம்."

"இப்ப அப்படித்தான் சொல்லுவே" என்றார் சண்முகம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த நாற்காலிக்காக அவர் எத்தனையோ பேச்சு வாங்கியிருந்தார்.

"சரிம்மா. நீங்க கேட்ட மாதிரியே வைக்கறோம். ஆனா ஒண்ணு. இதோட இந்த நாற்காலி கிடையாது. நாளைக்குத் தண்ணி இல்ல, கூரை ஒழுகுதுன்னு சொல்றதுக்கு இங்க உங்க ஆள் யாரும் இருக்கமாட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு. லீவா, நாற்காலியா?"

சிசிலியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கூரை ஒழுகுவது அவள் வகுப்பில்தான்.

"லீவு குடுங்க சார்."

"பாத்தீங்களா!" சண்முகம் தொடையில் தட்டினார்.

ஒருவரும் மறுக்கவில்லை. தேதி முடிவானது. கூட்டம் கலைந்து எல்லோரும் எழுந்தபோது, அவள் இன்னும் அங்கேயே நிற்பதைத் தலைவர் பார்த்தார். என்ன இருந்தாலும் சின்னப் பெண்.

"கப்பல் ஆபீஸ்ல கூட்டம் நெரியும். நீங்க போய் நின்னா கிடைக்காது. நான் சொல்லி வைக்கறேன். எத்தனை டிக்கெட் வேணும்?"

"ஒண்ணு போதும் சார். அன்னம்மாள் டீச்சர் பேருக்கு."