எழும்பாத விமானம்

இருவர் மட்டுமே உட்காரும் தன் குட்டி விமானத்தில் மனைவி ஜெயக்கொடியோடு, கோவையிலிருந்து திருச்சி மகள் வீட்டுக்குக் கிளம்பினார் அமிர்தநாதன்.

ஓடுபாதை முடியப்போகிறது. சக்கரம் தரையை விடவில்லை! மாவட்டத்துத் தென்னை மரங்களெல்லாம் திரண்டு எதிரே ஓடி வந்தன. ஜெயக்கொடி மாதாவைக் கூப்பிட்டாள். அமிர்தநாதன் பிரேக்கை மிதித்தார். முதல் மரத்துக்கு ஒரு சாண் முன்னால் விமானம் நின்றது.

"கிளமென்ட்! என்னய்யா இஞ்சின் பாத்தே?"

மெக்கானிக் கிளமென்ட் ஓடிவந்தான். "இஞ்சின் சிங்கமாட்டம் இருக்குதுங்க. பாரந்தான்..." என்று ஜெயக்கொடியைப் பார்த்துத் தயங்கினான்.

"நானு அம்பதே கிலோதானுங்க!"

கிளமென்ட் இருக்கைக்குப் பின்னாலிருந்த போர்வையை விலக்கினான். கல்லும் குழவியுமாக, புத்தம்புது கிரைண்டர்!

"எறக்குய்யா அதை!"

"ஏனுங்க, புள்ளை ஊட்டுக்கு வெறுங்கையோடவா போறது? கிரைண்டர் இருக்கட்டும். நான் எறங்கிக்கறேன், நீங்க போயிட்டு வாங்க."