செவ்வேங்கையின் கதவில் இருந்த சேறு

மார்கழிக் காலை ஆறு மணிக்கு, மூன்று டன் எடையுள்ள டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு, செவ்வேங்கை என்ற பிக்கப் வண்டி மலையேறத் தொடங்கியது. டிரெய்லரில் இருந்த ஜெனரேட்டர் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மில்லுக்குப் போக வேண்டும். ‘ஒன்றரை டன் வரை இழுக்கலாம்’ என்று செவ்வேங்கையின் கதவில் எழுதியிருந்தது. அந்த எழுத்தின் மேல் சேறு படிந்திருந்தது. அதைக் கழுவ செவ்வேங்கை யாரையும் விடவில்லை.

எட்டு மணிக்கு வண்டியும் டிரெய்லரும் உச்சியை எட்டின.

“பார்த்தாயா தம்பி? ஒன்றரை டன்னாம்! எழுதியவனைக் கூப்பிடு” என்றது செவ்வேங்கை.

“கூப்பிடலாம் அண்ணே. ஆனால் இதுவரை நீங்கள் என்னை இழுத்தீர்கள். இனி இறக்கம். நான் உங்களைத் தள்ளுவேனே?” என்றது டிரெய்லர்.

“நீ என்னைத் தள்ளுவாயா? பின்னால் வருகிறவன் பேச்சைப் பார்!”

இறக்கத்தின் முதல் வளைவிலேயே டிரெய்லர் செவ்வேங்கையின் முதுகில் முட்டியது. செவ்வேங்கை பிரேக்கை அழுத்தியது. கருகிய வாசனைதான் வந்தது, வேகம் குறையவில்லை. எதிரே பள்ளம்.

“அண்ணே, மலைப் பக்கம் ஒடித்துத் திரும்புங்கள்!” என்று டிரெய்லர் அலறியது.

செவ்வேங்கை மண்மேட்டில் மூக்கைச் செருகி நின்றது. ஒரு விளக்கு நொறுங்கியது.

“ஆனாலும் உச்சிவரை ஏற்றினேன் அல்லவா?” என்றது செவ்வேங்கை.

“ஏற்றினீர்கள் அண்ணே. அதை யாரும் மறுக்க முடியாது.”

தை பத்தாம் தேதி அந்த டிரெய்லரை ஒரு லாரி மலையிலிருந்து இறக்கியது. எதிரே வருபவர்களை எச்சரிக்கச் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு செவ்வேங்கை முன்னால் போனது. அதன் கதவில் சேறு இல்லை.